கடையாணி வேற, நட்டு வேற

நவரை நடவு முடிஞ்சாச்சு. களை எடுக்கிற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். அதனால கொஞ்ச நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு விஷயத்தை எழுதிடுறேன். இது நெல்லு பத்தி இல்ல, உரம் பத்தியும் இல்ல. மோட்டார் சைக்கிள் முன்சக்கரத்து அச்சைப் பத்தி. "அது மெக்கானிக் வேலையாச்சே, உனக்கு எதுக்குய்யா?"ன்னு கேப்பீங்க. படிச்சு முடிச்சா எதுக்குன்னு தெரியும்.

பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வந்திருந்தாங்க. மெட்ராஸ்ல மேற்கு மாம்பலத்துல வாடகைக்கு இருக்காங்க. மகளும் பேத்தியும் பஸ்ல வந்தாங்க, மாப்பிள்ளை பைக்ல வந்துட்டார். நூறு சிசி வண்டி, ரெண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு அதை எடுத்துக்கிட்டு கழனிப் பக்கம் போனேன். வரப்போரம் வேலிகாத்தான் முள்ளு ஏறி முன் டயர் போச்சு. பஞ்சர் கடை அன்னைக்கு மூடிக் கிடந்தது. நானே சக்கரத்தைக் கழட்டினேன், டியூபை ஒட்டினேன், திரும்ப மாட்டினேன்.

மாட்டும்போது கொஞ்சம் முரண்டு பிடிச்சது. சக்கரம் ஃபோர்க்குக்கு நடுவுல முழுசா உள்ள போகல. நான் ஃபோர்க்கை லேசா விரிச்சு, அச்சை சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி உள்ள இறக்கினேன். நட்டைப் போட்டு, ஸ்பேனர்ல மோட்டார் கொட்டகையில கிடந்த இரும்பு பைப்பைச் சொருகி, 'நங்'குன்னு நிக்கிற வரைக்கும் இறுக்கினேன். "கடையாணி மாதிரி நிக்கும் மாப்பிள்ளை, கவலைப்படாம போங்க"ன்னும் சொன்னேன். அந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

மாப்பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினார். "வந்துட்டேன் மாமா. ஸ்பீடாமீட்டர் முள்ளு மட்டும் வேலை செய்யல, கேபிள் அறுந்திருக்கும்போல." நானும் கேபிள்தான்னு விட்டுட்டேன்.

பதினைஞ்சு நாள் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். பேத்தியை டேங்க் மேல உக்கார வச்சுக்கிட்டு தி.நகர் பக்கத்துலேர்ந்து துரைசாமி சுரங்கப்பாதை வழியா வீட்டுக்கு வந்திருக்கார். மெட்ராஸ்காரங்களுக்குத் தெரியும், ரயில் பாதைக்கு அடியில இறங்கி மேற்கு மாம்பலத்துல ஏறுற வழி அது. இறக்கத்துல முன்னாடி போனவங்க நின்னாங்க. இவர் முன் பிரேக்கைப் பிடிச்சிருக்கார். ஹேண்டில் கையை விட்டுப் போற மாதிரி இப்படியும் அப்படியும் உதறியிருக்கு. கால் ரெண்டையும் ஊன்றி எப்படியோ சுவரோரம் ஒதுங்கி நிறுத்திட்டார். பின்னாடி வந்த ஆட்டோக்காரர் சுதாரிச்சு ஒதுங்கிட்டார். யாருக்கும் ஒண்ணும் ஆகல. பேத்திக்கு மட்டும் பயத்துல காய்ச்சல் அடிச்சது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில அரிசி மூட்டையோட செங்கல்பட்டுல எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு மாம்பலத்துல இறங்கினேன். மேற்குப் பக்கம் இறங்கி, காய்கறிக் கடைகளைத் தாண்டி வீட்டுக்குப் போனா, மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கிட்டு வெளியே கிளம்புறார். நானும் கூடவே போனேன். ஆர்யகவுடா ரோட்டுலேர்ந்து பிரியிற ஒரு சந்துல சின்ன ஷெட். ஒரே ஆள், நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் அவர் ஸ்பேனரை எடுக்கல. குனிஞ்சு, முன் அச்சு நட்டை ரெண்டு விரலால பிடிச்சுத் திருகினார்.

திரும்புச்சு.

பைப்பு போட்டு நான் இறுக்கின நட்டு. ரெண்டு விரல்ல திரும்புச்சு.

"இதை யார் மாட்டினது?"ன்னு கேட்டார். மாப்பிள்ளை என் முகத்தைக்கூடப் பாக்கல. "ஊர்ல மாட்டினது"ன்னு மட்டும் சொன்னார். அந்த மரியாதை என்னை அறைஞ்ச மாதிரி இருந்தது. நான்தான்யா மாட்டினேன்னு சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. சொன்னதும் அவர் கோவிச்சுக்கல. "ஐயா, இப்படி வந்து உக்காருங்க, காட்டுறேன்"ன்னு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் இங்க சொல்றதுல பாதி அன்னைக்கு அவர் காட்டினது. மீதி, ஊருக்கு வந்து நானே கழட்டி மாட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது.

சக்கரத்தைக் கழட்டி பிரேக் பிளேட்டைக் காட்டினார். பிரேக் கட்டைகள் உக்காந்திருக்கிற வட்டத் தட்டு அது. நிறைய சின்ன வண்டிகள்ல ஸ்பீடாமீட்டரோட பல்சக்கரமும் அதுக்குள்ளதான் இருக்கு. அந்தப் பல்சக்கரத்தோட வளையத்துல ரெண்டு நாக்கு இருக்கும். சக்கரத்துக் குடத்துல அதுக்கு நேரா ரெண்டு பள்ளம் இருக்கும். நாக்கு பள்ளத்துல விழுந்தா பிளேட் முழுசா உள்ள உக்காரும். விழலைன்னா பிளேட் ஒரு நெல்லு மணி அளவு வெளியில நிக்கும். நான் முரண்டுன்னு நினைச்சது அதைத்தான். நான் இறுக்கின இறுக்கு அச்சுக்குப் போகல, அந்த ரெண்டு நாக்கு மேல போயிருக்கு. ஓட ஓட நாக்கு மடங்கி நசுங்கிடுச்சு. நசுங்கினதும் நடுவுல இடைவெளி வந்தது, இறுக்கம் போச்சு, நட்டு தளர்ந்தது. ஸ்பீடாமீட்டர் முள்ளு முதல் நாளே நின்னு எனக்குச் சொல்லியிருக்கு. நான்தான் கேக்கல.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். நம்ம ஊர்க்காரங்க முன்சக்கரத்தை மாட்டுறதுல செய்யுற தப்பு கவனக்குறைவு இல்ல. நாம மாட்டு வண்டி புத்தியில மோட்டார் வண்டியை மாட்டுறோம்.

எங்க அப்பா வண்டி வச்சிருந்தார். இருசு, குடம், ஆரக்கால், வட்டை, பட்டான்னு ஒவ்வொரு பாகத்துக்கும் பேர் தெரியும் எனக்கு. இருசு சுத்தாது, சக்கரம்தான் இருசு மேல சுத்தும். குடத்துக்கும் இருசுக்கும் நடுவுல வண்டி மை. சக்கரம் வெளியில கழண்டு ஓடாம இருக்க கடையாணி. கடையாணிக்கு ஒரே வேலை, மறிச்சு நிக்கிறது. அது எதையும் அழுத்தாது, அழுத்தவும் கூடாது. கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் சக்கரம் சுத்தும். அதனால நம்ம மனசுல 'கடைசியில இருக்கிற ஆணி விழாம இருந்தா போதும்'ங்கிற கணக்கு பதிஞ்சு போச்சு. விழாம இருக்க என்ன பண்ணணும்? பலமா அடிச்சு இறுக்கணும். அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச வித்தை.

மோட்டார் சைக்கிள் அச்சும் சுத்தாது, அது வரைக்கும் ஒண்ணுதான். ஆனா அந்த நட்டு கடையாணி இல்ல. அதோட வேலை மறிக்கிறது இல்ல, பிடிக்கிறது. ஒரு பக்கத்து ஃபோர்க் கால், பிரேக் பிளேட், பேரிங்கோட உள்வளையம், ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல குடத்துக்குள்ள இருக்கிற குழாய், அடுத்த பேரிங் உள்வளையம், வெளியில ஒரு புஷ், மறுபக்கத்து ஃபோர்க் கால். இத்தனையும் வரிசையா நிக்குது. நட்டை இறுக்கும்போது அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளுது, வில்லு மாதிரி இழுபட்டு, இந்த வரிசை மொத்தத்தையும் ஒரே தூணா ஆக்குது. அப்பத்தான் ரெண்டு ஃபோர்க் காலும் சேர்ந்து ஒரே ஆளா வேலை செய்யும். வரிசையில ஒண்ணு சரியா உக்காரலைன்னா, எவ்வளவு இறுக்கினாலும் அது தூண் ஆகாது. அந்த உள்குழாயை மறந்து மாட்டினா இறுக்க இறுக்க பேரிங்தான் நசுங்கும்.

அதனால நான் சொல்றது: உக்கார வைக்கிறது முதல், இறுக்குறது ரெண்டாவது. நாம முதலைத் தாண்டிட்டு ரெண்டாவதுல வீரம் காட்டுறோம்.

சரி, சரியா மாட்டுறது எப்படி? வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். டிரம் பிரேக் வச்ச சின்ன வண்டிக்கு நான் பாத்த வரிசை இது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில மரக்கட்டை குடுத்து முன்சக்கரத்தைத் தூக்கணும். அச்சைத் துணியால துடைச்சு, வழவழப்பான தரையில உருட்டிப் பாக்கணும். வளைஞ்சிருந்தா தத்தித் தத்தி உருளும், அதைத் தூக்கிப் போட்டுடணும். நேரா இருந்தா லேசா கிரீஸ் பூசணும், சட்னி மாதிரி அப்பக் கூடாது. விரலை விட்டு பேரிங் உள்வளையத்தைச் சுத்தணும். மணல் அரைபடுற மாதிரி இருந்தா பேரிங் போச்சு.

அப்புறம் பிரேக் பிளேட்டைக் குடத்துல வச்சு மெதுவா சுத்தணும். நாக்கு பள்ளத்துல விழும்போது 'டொக்'குன்னு ஒரு சத்தம் வரும், பிளேட் உள்ள இறங்கும். அந்தச் சத்தம் வராம மேற்கொண்டு போகக் கூடாது.

சக்கரத்தை ஃபோர்க்குக்கு நடுவுல ஏத்தும்போது இன்னொண்ணு பாக்கணும். ஃபோர்க் கால்ல ஒரு முட்டு இருக்கும், பிரேக் பிளேட்டுல அதுக்கு ஒரு வாய் இருக்கும். ரெண்டும் கவ்வணும். நான் செஞ்ச தப்பைவிட மோசமான தப்பு இதை விடுறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோட சேர்ந்து பிளேட்டும் சுத்தப் பாக்கும். அதைத் தடுக்கிறதே இந்த முட்டுதான். இது கவ்வாம இருந்தா முதல் பெரிய பிரேக்குலயே பிளேட் சுழண்டு, கேபிளை இழுத்து, சக்கரம் பூட்டிக்கும். ஓட்டுறவர் ஹேண்டிலுக்கு மேல பறப்பார்.

அச்சு கையால உள்ள போகணும். போகலைன்னா எதுவோ நேரா இல்லன்னு அர்த்தம், சுத்தியலைத் தேடக் கூடாது. நட்டையும் முதல்ல கையாலயே ஏத்தணும். புரி மேல புரி ஏறாம இருக்க அதுதான் வழி.

இப்ப கட்டையை எடுத்து, ஸ்டாண்டையும் எடுத்து சக்கரத்தைத் தரையில வைக்கணும். முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை நாலஞ்சு தடவை அமுக்கி விடணும். ஃபோர்க் கால் ரெண்டும் தானா நேருக்கு வந்து உக்காரும். அப்புறம் பிரேக்கை அழுத்திப் பிடிச்ச நிலையிலயே நட்டை இறுக்கணும். பிரேக் கட்டைகள் டிரம்முக்கு நடுவுல நேரா உக்கார அது உதவும். பிரேக்கைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும், இல்லன்னா ஒரு கயிறு போதும். நட்டோட அச்சும் சேர்ந்து சுத்தினா மறுமுனையை இன்னொரு ஸ்பேனரால பிடிக்கணும். சில வண்டிகள்ல ஃபோர்க் அடியில அச்சைக் கவ்வுற சின்ன போல்ட் ஒண்ணு இருக்கும். அதைக் கடைசியாத்தான் இறுக்கணும், அமுக்கி விட்ட பிறகு. முன்னாடியே இறுக்கிட்டா கோணலா நின்ன ஃபோர்க் கோணலாவே பூட்டிக்கும்.

எவ்வளவு இறுக்கணும்? இதுக்குத்தான் நம்மகிட்ட பதிலே இல்ல. 'நல்லா'ங்கிறது அளவு இல்ல. கணக்கு சின்னதுதான்: ஸ்பேனர் நீளத்தை அழுத்துற எடையால பெருக்கணும். ஒரு அடி ஸ்பேனர் நுனியில 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினா சுமார் 6 கிலோ-மீட்டர். வண்டிப் புத்தகத்துல போடுற நியூட்டன் மீட்டர் கணக்குல அது சுமார் 60. சின்ன வண்டிகளோட முன் அச்சுக்குப் பெரும்பாலும் அந்த அக்கம்பக்கம்தான் அளவு. சரியான எண்ணை அந்தந்த வண்டிப் புத்தகத்துலதான் பாக்கணும். நான் போட்டது மூணு அடி பைப்பு. அதே 20 கிலோ அழுத்தினாலே 180 ஆயிடும். புரியை இழுத்துக் கெடுக்க அது போதும். 'இன்னும் கொஞ்சம் இறுக்கினா இன்னும் நல்லது'ன்னு நினைக்கிறது, 'இன்னும் ஒரு மூட்டை யூரியா போட்டா இன்னும் விளையும்'னு நினைக்கிற மாதிரி. அதோட பலனை நாம எல்லாரும் பாத்திருக்கோம்.

பழைய வண்டிகள்ல நட்டுக்கு காட்டர் பின் உண்டு. ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் பண்ணணும், தளர்த்தக் கூடாது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவும் கூடாது. இப்ப வர்ற நிறைய வண்டிகள்ல உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு. அது புரியில ஏறும்போது வெறும் கையால கடைசி வரைக்கும் சுத்த முடிஞ்சா, நைலான் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். புது நட்டு வாங்கிப் போடுங்க, ஒரு டீ வடை காசுதான். மேற்கு மாம்பலத்துக்காரர் புது நட்டு போட்டு இறுக்கினதும், நட்டு மேலயும் ஃபோர்க் மேலயும் சேர்த்து வெள்ளை பெயிண்ட்டுல ஒரு கோடு இழுத்தார். கோடு ஒடைஞ்சு தெரிஞ்சா நட்டு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. அவர் வாங்கின கூலியைவிட அந்தக் கோடு பெருசு.

கடைசியா சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விடணும், உரசாம ஓடணும். ஸ்பீடாமீட்டர் முள்ளு அசையணும். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் இருக்கக் கூடாது. பிரேக் லீவரோட தளர்ச்சி பழைய அளவுக்கு இருக்கணும். தெருவுக்குள்ள மெதுவா ஓட்டி ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும்.

இவ்வளவுக்கும் கால் மணி நேரம் ஆகாது.

"கை அளவுலயே காலம் பூரா மாட்டுறாங்களே, எத்தனை பேர் விழுந்துட்டாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். தினம் பத்து சக்கரம் மாட்டுறவர் கைக்கு அளவு தெரியும். நாத்து முடியைக் கையில தூக்கினாலே எத்தனை நாள் நாத்துன்னு என் கைக்குத் தெரியுற மாதிரி. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை சக்கரம் கழட்டுற என் கைக்கு என்ன தெரியும்? நம்ம ஊர்ல சக்கரம் மாட்டுறவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரிதான். பஞ்சர் கடையில மாட்டுறது பல சமயம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன். நாமளும் அவன் தலைமேல நின்னுக்கிட்டு "சீக்கிரம்டா, பால் ஊத்தப் போகணும்"னு விரட்டுறோம். 'டொக்'குன்னு சத்தம் கேக்க அவனுக்கு நேரம் குடுக்கிறோமா?

2019 ஏப்ரல்ல நம்ம நாட்டுல விக்கிற 125 சிசி வரைக்குமான வண்டிக்கு ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடோ ஏபிஎஸ்ஸோ, அதுக்கு மேல இருக்கிற வண்டிக்கு ஏபிஎஸ்ஸே கட்டாயம்னு ஆக்கினாங்க. நல்ல சட்டம். ஆனா கம்பெனியில ஒழுங்கா மாட்டி வர்ற சக்கரத்தை முதல் பஞ்சருக்கு நாம இப்படிக் கழட்டி மாட்டினா, அந்தச் சட்டத்தால என்ன பிரயோஜனம்? பிரேக் எவ்வளவு நல்லதோ, அவ்வளவு பலமா அந்த அச்சை இழுக்கும்.

அதனால எனக்கு ரெண்டு யோசனை. ஒண்ணு, ஊருக்கு ஒரு டார்க் ரிஞ்ச். வேணுங்கிற அளவை வச்சு இறுக்கினா, அளவு வந்ததும் 'கிளிக்'குன்னு சொல்லும். விசைத் தெளிப்பானை நாலு பேர் சேர்ந்து வாங்குறோமே, அப்படி வாங்கி பஞ்சர் கடையில வைக்கலாம். நான் அன்னைக்கே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். வேணுங்கிறவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போங்க, வேலை முடிஞ்சதும் அளவைக் குறைச்சு வச்சுத் திருப்பிக் குடுங்க. ரெண்டு, அது இல்லாட்டியும் பரவாயில்ல, வரிசையை விடாதீங்க. வரிசை தெரிஞ்சு கை அளவுல இறுக்குறவர், வரிசை தெரியாம டார்க் ரிஞ்ச் வச்சிருக்கிறவரைவிட நல்ல மெக்கானிக். நான் அன்னைக்கு டார்க் ரிஞ்ச் வச்சு இறுக்கியிருந்தாலும் அந்த நாக்கு நசுங்கித்தான் இருக்கும்.

எங்க அப்பா ஒவ்வொரு நாளும் மாட்டைப் பூட்டுறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, ரெண்டு கடையாணியையும் கையால தொட்டுப் பாப்பார். கடையாணி வேற, நட்டு வேறதான். ஆனா தொட்டுப் பாக்கிற பழக்கம் ரெண்டுக்கும் ஒண்ணு. கருவியை மாத்திக்கிட்ட நாம அந்தப் பழக்கத்தை வண்டியோட சேர்த்து வித்துட்டோம்.

அன்னைக்கு ஷெட்டுலேர்ந்து வீட்டுக்கு வந்ததும் பேத்தி கேட்டா, "தாத்தா, வண்டி இனிமே ஆடாதா?" ஆடாதும்மான்னு சொன்னேன். யார் மாட்டினதால ஆடுச்சுன்னு அவளுக்குத் தெரியாது. அவ பெரியவளாகி இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.

இன்னைக்கு உங்க வண்டியில போய் முன் அச்சு நட்டை ரெண்டு விரலால திருகிப் பாருங்க. திரும்பக் கூடாது.